மேற்கல்லும் கடப்பிதழும்

(பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த மண்டபத்தில் கிறிஸ்தவர்கள் இருக்கிறீர்கள், இந்துக்கள் இருக்கிறீர்கள், இஸ்லாமியர் இருக்கிறீர்கள். பினாங்கில் இது அதிசயமில்லை. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் புறப்பட்டு, குவான் யின் கோயிலைக் கடந்து, லெபோ குயினில் திரும்பி மகாமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வாசலுக்கு வந்து சேர அதிக நேரம் ஆகாது. இத்தனை அருகருகே இத்தனை வேதங்கள் ஓதப்படும் ஊரில் நின்றுகொண்டு, பழைய வேதத்துக்கு இன்றைய அன்றாட வாழ்க்கையில் என்ன வேலை என்று கேட்க வந்திருக்கிறோம். அதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கிறிஸ்தவ வேதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மற்றவர்கள் உங்கள் உங்கள் நூலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மனக்கவலைக்கு ஒரு வசனம், பரீட்சைக்கு ஒரு வசனம், நோய்க்கு ஒரு வசனம். தமிழ்ச் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டிலிருந்து வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு. அந்த ஆண்டு முழுவதும் அந்த வசனம் நமக்கு. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தட்டிலிருந்து கூலியைப் பற்றிய வசனம் யாருக்காவது வந்ததுண்டா? அடகைப் பற்றிய வசனம் வந்ததுண்டா? தராசையும் படிக்கல்லையும் பற்றிய வசனத்தை எடுத்துக்கொண்டு யாராவது வீட்டுக்குப் போனதுண்டா? வராது. ஏனென்றால் அவற்றை அட்டையில் அச்சிடுவதே இல்லை. வேதத்தில் நமக்குக் கிடைப்பதைச் சொல்லும் வரிகளை அச்சிடுகிறோம். நம்மிடம் கேட்கும் வரிகளைப் புத்தகத்துக்குள்ளேயே விட்டுவைக்கிறோம். அப்படி விட்டுவைத்த ஓர் அதிகாரத்தைத்தான் இன்று உங்கள் முன் விரிக்கப்போகிறேன். உபாகமம், இருபத்துநான்காம் அதிகாரம். கத்தோலிக்க நண்பர்கள் இணைச்சட்டம் என்பீர்கள். நூல் ஒன்றே.

ஏன் இந்த அதிகாரம்? வெளியே எட்டிப் பாருங்கள். லெபோ பாசாரில் என்ன இருக்கிறது? நகைக்கடை இருக்கிறது, அடகுக்கடை இருக்கிறது, நாணயமாற்றுக் கடை இருக்கிறது, மளிகை இருக்கிறது, துணிக்கடை இருக்கிறது, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அந்த அதிகாரத்தில் என்ன இருக்கிறது? கடன் இருக்கிறது, அடகு இருக்கிறது, நாள்கூலி இருக்கிறது, வேற்றூரிலிருந்து வந்து வேலை செய்பவன் இருக்கிறான். பக்கத்தைத் திருப்பினால் அடுத்த அதிகாரத்தில் தராசும் வந்துவிடுகிறது. ஏறக்குறைய இரண்டாயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு பகுதி, கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டே எழுதியது போல இருக்கிறது.

அதில் ஒரு சட்டம், ஒரே வரிதான். திரிகையின் மேற்கல்லையோ அடிக்கல்லையோ யாரும் அடகு வாங்கக்கூடாது. வாங்கினால் ஒருவனுடைய உயிரையே அடகு வாங்கியதாகும் என்கிறது. இந்தத் திரிகையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அந்தக் காலத்தில் சாதாரண வீடுகளில் இருந்தது, சுழலும் திரிகை அல்ல. அது நம் அம்மியைப் போன்றது. கீழே அசையாத பெரிய கருங்கல். அதன்மேல் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்கும் சின்னக் கல். வீட்டுப் பெண்கள் முழங்காலிட்டு அமர்ந்து, அன்றன்றைக்குத் தேவையான தானியத்தை அன்றன்றைக்கு அரைப்பார்கள். கடன் கொடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்தால் எதைத் தூக்குவான்? அடிக்கல்லைத் தூக்க ஆள் வேண்டும். மேற்கல்லைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போய்விடலாம். அது எவ்வளவு கைக்கடக்கமானது என்றால், நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஒரு பெண் கோபுரத்தின்மேல் நின்று ஒரு மேற்கல்லை வீசியே அபிமெலேக்கு என்பவனின் மண்டையைப் பிளந்துவிடுகிறாள். விலைக்கு விற்றால் அந்தக் கல்லுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. பிறகு ஏன் அதைத் தூக்க வேண்டும்? அதில்தான் சூட்சுமம். அதை எடுப்பவனுக்கு அதனால் பயனில்லை. இழப்பவனுக்கு அதில்லாமல் அன்றைய ரொட்டியில்லை. குழவியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அம்மி வீட்டில் இருந்தென்ன? ஆகவே அந்தக் கல், கடனுக்கு ஈடான பொருள் அல்ல. கடன்பட்டவனின் கழுத்தில் போட்ட கயிறு.

இதெல்லாம் ஏட்டில் எழுதிய தர்மம், நடைமுறையில் யார் பார்த்தார்கள் என்று ஐயம் எழலாம். அதற்கு மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாட்சி வந்திருக்கிறது. 1960ஆம் ஆண்டு, இஸ்ரேலின் கடற்கரையோரம், யாவ்னே யாம் அருகே ஒரு சிறிய கோட்டையைத் தோண்டினார்கள். மையால் எழுதிய ஓர் உடைந்த பானை ஓடு கிடைத்தது. பதினான்கு வரி. கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று கணித்தார்கள். அறுவடைக்கு வந்த ஒரு கூலியாள், கோட்டைத் தலைவனுக்கு எழுதிய முறையீடு அது. யாரிடமாவது சொல்லி எழுதுவித்திருப்பான். நான் அறுத்தேன், அளந்தேன், களஞ்சியத்தில் சேர்த்தேன், என் பங்கு வேலையை முடித்துவிட்டேன். ஆனாலும் சோபாயின் மகன் ஓசாயாகு என் மேலாடையை எடுத்துக்கொண்டான். என்னோடு வெயிலில் அறுத்தவர்கள் எல்லாரும் சாட்சி சொல்வார்கள். என் ஆடையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். ஆடையை எடுத்துக்கொண்டவனின் பெயரை அப்பன் பெயரோடு எழுதியவன், தன் பெயரை எழுதவில்லை. அந்த மேலாடைதான் இரவில் ஏழைக்குப் போர்வை. அதை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று யாத்திராகமமும் சொல்கிறது, நம் உபாகமமும் சொல்கிறது. அந்தக் கூலியாள் எந்தச் சட்டநூலையும் மேற்கோள் காட்டவில்லை. ஆனால் சட்டம் எந்த மனிதனை மனதில் வைத்து எழுதப்பட்டதோ, அந்த மனிதன் உண்மையிலேயே இருந்தான் என்பதற்கு அந்த ஓடு போதும்.

சரி, இன்று யாரும் அம்மிக்குழவியை அடகு கேட்பதில்லை. மிக்ஸியைக்கூடக் கேட்பதில்லை. அப்படியானால் இந்தச் சட்டம் காலாவதியாகிவிட்டதா? கல்லைப் பார்த்தால் காலாவதி. கல் அன்று எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்தால் அப்படியில்லை. வேதத்தை இன்றைய வாழ்வுக்குக் கொண்டுவரும் வழி, என் கணிப்பில், இது ஒன்றுதான்: பொருளைத் தேடாதே, அந்தப் பொருள் அன்று இருந்த இடத்தில் இன்று எது இருக்கிறது என்று தேடு. இது நானாகக் கண்டுபிடித்த வழியல்ல. பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இதைச் செய்துகாட்டுகிறார். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்று உபாகமத்தில் ஒரு சட்டம். கொரிந்து துறைமுகப் பட்டணம். அவர் எழுதியது மாட்டைப் பற்றி அல்ல. அந்தச் சட்டத்தை எடுத்து, உழைக்கிறவனுக்கு உழைப்பின் பலனில் பங்கு உண்டு என்று வாதாடுகிறார். மாடு போய்விட்டது, உழைப்பவனுக்கும் அவன் வாய்க்கும் நடுவே கயிறு கட்டாதே என்பது நின்றுவிட்டது. பவுல் மாட்டுக்குச் செய்ததை நாம் மேற்கல்லுக்குச் செய்து பார்ப்போமே.

இந்தத் தெருவில், இந்த நாட்டில், இன்று மேற்கல் எது? எடுப்பவனுக்கு விலைபோகாததும், இழப்பவனுக்கு அதில்லாமல் ஒரு நாளும் ஓடாததுமான பொருள் எது? கையடக்கமானது, மேசை இழுப்பறையில் அடங்குவது எது? கடப்பிதழ். தமிழ்நாட்டிலிருந்து பரோட்டா போடவும், தேநீர் ஆற்றவும், பாத்திரம் கழுவவும், நகை செய்யவும், முடி வெட்டவும் வந்திருக்கும் தொழிலாளியின் கடப்பிதழ். அதைக் கொண்டுபோய் யாரும் விற்க முடியாது. முதலாளிக்கு அது வெறும் நீலநிறச் சிறு புத்தகம். ஆனால் அவன் கையில் அது இல்லையென்றால்? போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்பும் கடையில் அடையாளம் கேட்டால் கொடுக்க ஒன்றுமில்லை. ஊரில் தாய் இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தால் விமானம் ஏற வழியில்லை. உடலில் தெம்பு இருக்கிறது, கையில் தொழில் இருக்கிறது, வேலை பெர்மிட்டும் இருக்கிறது. அடிக்கல் அப்படியே இருக்கிறது, மேற்கல் மட்டும் முதலாளியின் இழுப்பறையில். இது என் மிகைப்பேச்சு என்று எண்ண வேண்டாம். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் பதினொரு அறிகுறிகளில் ஒன்றாக அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்திருக்கிறது. பிறருடைய கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது, நம் நாட்டின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படியே குற்றம்.

ஒரு காகிதத்தை வைத்து மனிதனைக் கட்டிப்போடுவது தமிழனுக்குப் புதியதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் துண்டு என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தத் தொழிலாளிகளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார். அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, தோட்டம் மட்டும் மாறும், கடன் கூடவே வரும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழிக்க வேண்டியிருந்தது. மலாயாவில் 1910 வரை ஒப்பந்தக் கூலிமுறை. அதோடு சேர்ந்தும் அதற்குப் பின்னரும் ஊரில் ஆள் சேர்த்துவரும் கங்காணிமுறை. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடுக்கும் வரை அது ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் வந்து இறங்கிய துறை எது? இந்தப் பினாங்குதான். ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டதும் இங்கே சில தலைகள் நிமிர்வதைப் பார்க்கிறேன். கப்பல் கூலியும் கங்காணியின் முன்பணமும் தலைமேல் கடனாக ஏற, இறங்கும்போதே கடன்காரனாக இறங்கியவனின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! இன்று விமானத்தில் வந்து இறங்குகிறவனும் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனோடுதான் இறங்குகிறான்.

உபாகமம் இந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறது. அந்த அதிகாரம் தன் சட்டங்களுக்கு என்ன காரணம் சொல்கிறது தெரியுமா? புண்ணியம் கிடைக்கும் என்று தொடங்கவில்லை. நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள் என்கிறது. ஒரே அதிகாரத்தில் இரண்டு முறை சொல்கிறது. எகிப்தில் செங்கல் சுமந்தவர்கள் எழுதும்போது உயிரோடு இல்லை. அவர்களின் பேரன்களுக்குப் பேரன்கள் நிலமும் களமும் உள்ளவர்களாகிவிட்டார்கள். அவர்களைப் பார்த்துத்தான், இன்று கூலிக்கு நிற்கிறவன் நேற்றைய நீ என்கிறது. இந்த வாதத்தைப் புரிந்துகொள்ள மலேசியத் தமிழனுக்கு விரிவுரை வேண்டுமா?

இப்போது முதலாளிகளின் பக்கத்தைக் கேட்போம். கேட்காமல் பேசுவது நியாயமல்ல. அவர்கள் சொல்வது இது: ஐயா, நாங்கள் பெரிய கம்பெனி இல்லை, பத்து மேசை போட்ட கடை. ஓர் ஆளை எடுக்க அரசாங்க லெவி, மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி, விமானச் சீட்டு, ஏஜெண்டு என்று எத்தனை செலவு! ஆள் மூன்றாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடைக்கு ஓடிவிட்டால் அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு? கடப்பிதழ் எங்கள் கையில் இருந்தால்தானே கொஞ்சமாவது நிம்மதி? இது பொய்யான குறையல்ல. சேவைத் துறைக்கு லெவி ஆண்டுக்கு 1,850 வெள்ளி; 2018 முதல் அதை முதலாளியே ஏற்க வேண்டும். 2025இல் வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியைவிட அது அதிகம். சின்னக் கடைக்கு அது சுமைதான்.

வேதம் இந்தச் சுமையை அலட்சியம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கடன் கொடுத்தவன் ஈடு கேட்கக்கூடாது என்று அது சொல்லவே இல்லை. அடகுக்கடையை மூடு என்று சொல்லவில்லை. (வட்டியைப் பற்றி முந்தின அதிகாரம் சொல்வது வேறு கதை.) ஈடு கேட்கும் உரிமையை ஒப்புக்கொண்டு, அதற்கு ஓர் எல்லை வைக்கிறது. எதை வேண்டுமானாலும் கேள், அவன் பிழைப்பை ஓட்டும் கல்லைக் கேட்காதே. உன் பணத்துக்கு ஈடாகப் பணமதிப்புள்ள பொருளைக் கேட்கலாம். அவன் உயிரைக் கேட்க முடியாது. ஆள் ஓடிவிடுவான் என்ற பயத்துக்கும் அந்த நூல் ஒரு பதில் வைத்திருக்கிறது, கொஞ்சம் கசப்பான பதில். முந்தின அதிகாரத்திலேயே, எசமானிடமிருந்து தப்பி உன்னிடம் வந்த அடிமையைத் திருப்பி அனுப்பாதே என்கிறது. அக்கால உலகத்தில் வழக்கமென்ன? பாபிலோனிய ஹம்முராபி சட்டத்தில் ஓடிவந்தவனை ஒளித்து வைத்தால் மரணதண்டனை. அந்த உலகத்தில் ஒரு சட்டநூல், ஓடியவனைப் பிடிப்பதை விட்டுவிட்டு, ஓடவைத்தது எது என்று கேட்கும் பக்கம் சாய்கிறது. நம் முதலாளிகளுக்கும் அதே கேள்விதான். ஓடாமல் பத்து வருடம் இருக்கும் ஆட்கள் எந்தக் கடையில் இருக்கிறார்கள்? இந்தத் தெருவில் உங்களுக்கே தெரியும்.

இன்னொரு சட்டம். இதைக் கேட்டால் நேற்று எழுதியதோ என்று தோன்றும். கடனுக்கு ஈடு வாங்கப் போகும்போது அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே உள்ளேயிருந்து கொண்டுவந்து தரட்டும். அவ்வளவுதான். கடன் கடன்தான், ஆனால் வாசற்படி அவனுடையது. பிள்ளைகள் முன்னால், மனைவி முன்னால் அவன் மானம் போகக்கூடாது. இனி நம் ஊரைப் பாருங்கள். மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும், ஆ லோங் என்னும் சட்டவிரோத வட்டிக்காரர்களின் விளம்பரங்கள் உங்களுக்குத் தெரியும். தவணை தவறினால் என்ன நடக்கிறது? வீட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்டை ஊற்றுகிறார்கள். கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். கைப்பேசி வழியாகக் கடன் கொடுக்கும் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே. கடன் வாங்கும்போதே தொலைபேசியில் உள்ள பெயர்ப்பட்டியலைத் திறந்துகொள்கின்றன. பிறகு மாமியாருக்கும் மேலதிகாரிக்கும் செய்தி போகிறது. வீட்டுக்குள் நுழையாமலே வீட்டின் உள்ளறை வரை நுழைந்துவிட்டார்கள். வெளியே நில் என்ற அந்த ஒரு சொல்லை இன்று யாரிடம் போய்ச் சொல்வது? தொழிலாளிகள் தங்கும் அறைக்குள் எந்நேரமும் கதவைத் தட்டாமல் நுழையும் முதலாளிக்கும் அது பொருந்தும். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் பெட்டியைத் திறந்து பார்க்கும் நம் வீட்டம்மாக்களுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, கூலி. ஏழைக் கூலியாளின் கூலியை, அவன் உன் இனத்தானாயினும் அந்நியனாயினும், அன்று பொழுது சாயுமுன் கொடுத்துவிடு. அவன் மனம் அதில்தான் இருக்கிறது. இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையிலும் சாயங்காலம் ஆனதும் முதல் வேலையாகக் கூலியாட்களைக் கூப்பிடுகிறார்கள். கேட்டவர்களுக்கு அது சொல்லாமலே புரிந்த வழக்கம். வேர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழி இங்குள்ள இஸ்லாமியச் சகோதரர்களுக்கு மனப்பாடம். இப்போது நம் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தைப் பாருங்கள்: சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரன் ஜனவரி முதல் தேதி செய்த வேலைக்குப் பிப்ரவரி 7ஆம் தேதி கூலி கிடைத்தாலும் சட்டப்படி சரி. 37 நாள். அப்படியானால் மாதச் சம்பளமே வேதவிரோதமா? அப்படிச் சொன்னால் நான் கல் இருந்த இடத்தை விட்டுக் கல்லைப் பிடித்தவனாகிவிடுவேன். அன்றைய கூலியாளுக்கு அந்தியில் ஏன் கூலி வேண்டும்? இரவு அடுப்பெரிய வேண்டும். இன்று உணவகத் தொழிலாளிக்குச் சாப்பாடும் இடமும் கடையிலேயே. அவனுடைய அந்தி வேறு இடத்தில் சாய்கிறது. ஊரில் மனைவியின் நகையை வைத்த கடையில், வட்டிக்குக் கொடுத்தவரின் வாசலில், தவணைத் தேதியில் சாய்கிறது. கந்து வட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வட்டி நின்றுவிட்டதா என்பது ஊரில் உறவுள்ளவர்களுக்குத் தெரியும். ஏழாம் தேதி கொடுக்க வேண்டியதை இருபதாம் தேதி கொடுக்கும் முதலாளி, இந்த மாதம் கொஞ்சம் பொறு தம்பி என்று அன்பாகத்தான் சொல்கிறார். அந்தப் பதின்மூன்று நாளுக்கு வட்டி கட்டுவது யார்?

இங்கே படித்த இளைஞர்கள் குறுக்கே கேட்பீர்கள்: நீங்களே கடப்பிதழ்ச் சட்டம் இருக்கிறது என்கிறீர்கள், வேலைவாய்ப்புச் சட்டம் இருக்கிறது என்கிறீர்கள்; பிறகு வேதம் எதற்கு? சட்டத்தை அமல்படுத்தினால் போதாதா? நல்ல கேள்வி. அமல்படுத்துங்கள், அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் சட்டம் புகாருக்காகக் காத்திருக்கிறது. யாரைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டுமோ அவருடைய பெயரில்தான் பெர்மிட் இருக்கிறது. புகார் கொடுத்தால் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் ஊர் திரும்ப வேண்டும், திரும்பினால் கடன் வாசலில் நிற்கும். அவன் எப்படிப் புகார் கொடுப்பான்? 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை நம் நாட்டுக் கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கைத் தடுத்த பிறகுதான், ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தில் பல மில்லியன் வெள்ளி தொழிலாளிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. பரோட்டாவை யாரும் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்வதில்லை! சின்னக் கடைத் தொழிலாளிக்கு அந்த வழியும் இல்லை. உபாகமம் இதை நன்றாக அறிந்திருந்தது. கூலி கிடைக்காதவன் நீதிமன்றத்துக்குப் போவான் என்று அது எழுதவில்லை. கடவுளை நோக்கிக் கூப்பிடுவான், அது உன்மேல் பாவமாகும் என்று எழுதியது. புகார் வராத இடத்தில் முதலாளியின் மனத்துக்குள்ளேயே ஒரு வழக்கைத் தொடுக்கிறது. அதிகாரி வராத அறைக்குள் வரக்கூடியது அது ஒன்றுதான்.

இன்னும் கடினமான ஒரு மறுப்பு உண்டு. இதே வேதம் அடிமைமுறையை அனுமதிக்கிறதே? அந்நிய இனத்தாரை அடிமையாக வாங்கலாம் என்று லேவியராகமத்தில் இருக்கிறதே? உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததை மறைக்கிறீர்களா? மறைக்கவில்லை. இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலப் பிரசங்கிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடிமைமுறைக்கு ஆதரவாகப் பேசினார்கள். ஓடிய அடிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1850இல் அங்கே சட்டம் வந்தபோது, அடிமைமுறையை எதிர்த்தவர்கள் நான் சற்று முன் சொன்ன உபாகம வசனத்தை எடுத்து நீட்டினார்கள். ஒரே புத்தகம், இரண்டு கட்சி. நம் ஊருக்கே வாருங்கள். லெபோ ஃபார்குவாரில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818இல் கட்டி முடிந்து, 1819இல் கல்கத்தா பிஷப் மிடில்டனால் அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் கட்டியது கைதிகளின் உழைப்பு. அந்நாளில் பினாங்கு, இந்தியக் கைதிகளை நாடுகடத்தி அனுப்பும் குடியேற்றம். கூலியைப் பற்றிய வேதம் வாசிக்கப்பட்ட சுவர்களைக் கூலியற்றவர்கள் எழுப்பினார்கள். வேதம் ஓர் ஊரில் இருப்பது வேறு, அந்த ஊரில் வேலை செய்வது வேறு. ஆகவே தேர்ந்தெடுத்துத்தான் வாசிக்கிறோம். எல்லாரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே வழக்கு. அளவுகோலை அந்த நூலே தருகிறது என்பது என் வாதம். எகிப்தை மறக்காதே என்று சொல்லும் வரிகள் எந்தப் பக்கம் நிற்கின்றனவோ, அந்தப் பக்கம் நின்று மற்ற வரிகளை வாசிக்க வேண்டும். அடிமையாயிருந்தவன் நினைவோடு வாசித்தால் அடிமையை வாங்க அனுமதிக்கும் வரி வாயில் கசக்கும். கசக்க வேண்டும்.

கடைசியாக, என் கிறிஸ்தவச் சகோதரர்களின் மறுப்பு. நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல, கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள். வேதம் ஆத்துமாவுக்கு, கடைத்தெருவுக்கு அல்ல என்பார்கள். கிருபையைப் போதித்த பவுலே மாட்டுச் சட்டத்தை எடுத்துக் கூலிக்கு வாதாடியதைப் பார்த்தோம். யாக்கோபின் நிருபம் புதிய ஏற்பாட்டில்தான் இருக்கிறது. பிடித்து வைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது என்று அது செல்வர்களைப் பார்த்து எழுதுகிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி இன்னும் கூர்மையாகச் சொல்கிறார்: அடகாக வாங்கிய ஆடைகளை விரித்து, பலிபீடங்களின் பக்கத்திலேயே சாய்ந்துகொள்கிறார்கள் என்கிறார். அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கோயிலில் தூபம் எழும்புகிறது, பாட்டுக் கேட்கிறது. பக்தன் சாய்ந்திருக்கும் விரிப்பு, குளிரில் நடுங்கும் ஒருவனுடைய போர்வை. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டில் விழும் நோட்டு யாருடைய ஏழாம் தேதியிலிருந்து வந்தது என்று சபைகள் கேட்பதுண்டா?

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு, வேதத்தில் வரும் ஆளுநர் நெகேமியாவைக் காட்டுகிறேன். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில், எருசலேம் மதிலைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மக்கள் வந்து முறையிடுகிறார்கள். வயலை அடகு வைத்துவிட்டோம், வீட்டை வைத்துவிட்டோம், ராஜாவின் வரிக்குக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாகக் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் இல்லை; சொந்த இனத்தார். நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது. ஆனால் மேடையில் முழங்கிவிட்டுப் போய்விடவில்லை. நானும் என் சகோதரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு, சபையைக் கூட்டி, கடன் கொடுத்தவர்களை எதிரே நிறுத்தி, இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அவர்களால் பதில் பேச முடியவில்லை. திருப்பிக் கொடுக்கிறோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, வாக்கு மாறுகிறவன் இப்படி உதறப்படுவான் என்று தன் ஆடை மடியை உதறிக் காட்டுகிறார். அவர் கேட்டது ஒரு நாளில் செய்யக்கூடிய காரியம்.

நானும் அப்படி ஒன்றைத்தான் கேட்கப்போகிறேன். தொழிலாளிகள் தங்கும் இடத்தில் ஆளுக்கொரு பூட்டுள்ள பெட்டி. உள்ளே அவரவர் கடப்பிதழ். சாவி அவரவர் கையில். சில தொழிற்சாலைகளில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. பத்து மேசைக் கடைக்கு வராமல் போகக் காரணமில்லை. பெர்மிட்டைப் புதுப்பிக்க வாங்கினால் எந்தத் தேதியில் வாங்கினீர்கள், எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி அவனிடம் கொடுங்கள். இந்த முறை துண்டு அவன் கையில் இருக்கட்டும். லெவியும் விமானச் சீட்டும் நட்டமாகும் பயத்தைத் தனித்தனியாகச் சுமக்காமல், இந்தத் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் ஒரு தொகையைப் பொதுவில் போட்டுவைக்க முடியுமா? கூட்டுச்சீட்டு நடத்தத் தெரிந்த சமூகத்துக்கு இது கடினமான கணக்கில்லை. இதில் எந்த இடத்தில் என் கணக்கு தவறுகிறது என்பதை இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேள்விகளுக்கு அவைத்தலைவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார். உணவகம் நடத்துபவர்கள் முதலில் பேசட்டும்.